சீர்த்தட்டில் ஒரு லேப்டாப்

அக்கா மகளுக்குச் சடங்கு வைத்திருந்த அன்று, காலை பதினோரு மணிக்குள் ஒரு புது ப்ராஜெக்டை நான் ஓட வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை போய்விடும். மேனேஜர் அப்படிச் சொல்லவில்லை. நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசுவார். போன வாரமும் நெட் இல்லை என்றீர்கள், இன்னொரு தடவை என்றால் என்னால் மேலே பதில் சொல்ல முடியாது என்றார். இதற்கு மேல் எப்படித்தான் சொல்வது? பிள்ளை பிறந்து மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒன்று கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

செய்ய வேண்டியது என்னவோ சின்ன வேலைதான். புது ப்ராஜெக்ட் தொடங்குவதற்கென்றே எங்கள் கம்பெனியில் ஒரு டெம்ப்ளேட் பேக்கேஜ் கட்டி வைத்திருக்கிறார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் அது இன்ஸ்டால் ஆகிவிடும். அடுத்த வரியில் ப்ராஜெக்டின் பெயரைக் கொடுத்தால் ஃபோல்டர், செட்டிங், லாகின் பக்கம் எல்லாவற்றையும் அதுவே விரித்துக் கொடுக்கும். தனிக்குடித்தனம் போகிறவளுக்கு அடுப்பு முதல் அஞ்சறைப்பெட்டி வரை ஒரே வண்டியில் வந்து இறங்குகிற மாதிரி. அதற்குப் பிறகு தனக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களை ஒவ்வொன்றாக நெட்டிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும். அந்த இழுவைதான் வம்பு. நடுவில் நெட் அறுந்தால் சிவப்பு எழுத்தில் திட்டிவிட்டு நின்றுகொள்ளும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். அங்கே என் போனுக்கு டவர் கிடையாது. வந்தவர்களில் அண்ணன் போனுக்கு மட்டும் எடுக்கும். அண்ணன்தான் தாய்மாமன், அன்றைக்கு அவன் வைத்ததுதான் சட்டம். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். சமையல்காரரும் வேன்காரரும் அதில்தான் கூப்பிடுவார்கள், வேண்டுமானால் நீ என் பக்கத்திலேயே இருந்துகொள் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கடன்காரன்.

சரியென்று பிள்ளையார் கோவில் வாசலில், சீர்த்தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அக்கா வீட்டுக்கு ஊர்வலம் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். முதல் வரியை அடித்தேன். இன்ஸ்டால் ஆகிவிட்டது. இரண்டாவது வரியும் போனது. சாமான்கள் இறங்கத் தொடங்கின. அப்பாடா என்று மூச்சு விடும்போது செண்டை மேளம் அடித்துவிட்டது.

அண்ணன் மாலையும் கழுத்துமாக முன்னால் நடந்தான். அவனோடு போனும் நடந்தது. திரையில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்தது. லேப்டாப்பை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினேன்.

பெரியம்மா மறித்துக்கொண்டது. அம்மாவின் அக்கா, எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் தட்டுப் பொறுப்பு அதனிடம்தான். சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். தட்டு தூக்க வந்த ஒருத்தி, கைப்பிள்ளை அழுகிறது என்று ஆப்பிள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"தட்டு ரெட்டப்படையில நிக்குது. நீ என்னடி தட்டில்லாம வர்ற?"

என் கையில் வேலை இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். பெரியம்மா காதில் வாங்கினால்தானே? ஆப்பிளையெல்லாம் பக்கத்துத் தட்டில் கொட்டியது. என் கையிலிருந்த லேப்டாப்பைப் பிடுங்கி, திறந்தது திறந்தபடி தட்டில் வைத்தது. வெறும் தட்டாகத் தெரியக் கூடாதாம், ஓரத்தில் ரெண்டு வெற்றிலையும் ஒரு எலுமிச்சம்பழமும் வேறு. சண்டை போடுகிற நேரமா அது? வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வெயிலில் திரை தெரியவில்லை. முந்தானையை இழுத்து என் தலைக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். உள்ளே வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நடந்தால் நடந்தேன், நின்றால் நின்றேன். தெருமுக்கில் கூட்டாளிகள் அவனை இழுத்து வைத்து ஆடவிட்டார்கள். நானும் தட்டோடு அங்கேயே அசையாமல் நின்றேன். ஒரு மேளக்காரர் அடித்துக்கொண்டே எட்டி என் திரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை தொங்கலில் கிடக்கிறது, எனக்கு என்ன சிரிப்பு என்று கேட்காதீர்கள். அடக்க முடியவில்லை.

பந்தலுக்குள் ஆரத்தி எடுத்து, எங்கள் கையிலிருந்த தட்டுகளை வாங்கி, மணையில் உட்கார்ந்திருந்த அக்கா மகளுக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். என் தட்டை வாங்கியது அக்காவின் நாத்தனார். அவர் அதை நட்டநடுவில் வைத்து, மூலையில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். அதற்குள் மைக்செட்காரர் சீரைப் பார்த்துப் பார்த்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். பட்டுப்புடவை, வெள்ளிக் கொலுசு, பழவகை. "தாய்மாமன் வழங்கும் லேப்டாப் ஒன்று!"

பந்தலே கைதட்டியது. அண்ணன் முகம் செத்துப் போயிற்று. அக்காவைப் பார்த்தேன். கல்யாணத்தின்போது நாங்கள் செய்தது குறைச்சல் என்று அந்த வீட்டில் ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. அக்கா எங்களிடம் சொன்னதில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கைதட்டலில் அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. இப்போது நான் போய் லேப்டாப்பை எடுத்தால் அவள் மானம் என்ன ஆகும்? எடுக்காவிட்டால் என் பிழைப்பு என்ன ஆகும்? பதினொன்றுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. திறந்து கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, நாத்தனார் குனிந்து லேப்டாப்பின் மூடியில் கை வைத்தார். மூடினால் அது தூங்கிவிடும், எல்லாம் முதலிலிருந்து.

"மதினி, மூடாதீங்க" என்று கத்தியேவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். திரையில் ஓடுகிற வரிகளைப் பார்த்தாள். பதினோரு மணிச் சங்கதியைக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே போனில் அவளிடம் புலம்பியிருந்தேன். நேராகப் போய் மைக்செட்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் மன்னிச்சுக்கங்க. அது சீரு இல்ல. என் தங்கச்சி பாக்குற வேலை. பதினோரு மணிக்குள்ள முடிக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

மேளம் நின்றுவிட்டது. அண்ணனை நகரக் கூடாது என்று சொல்லி ஒரு நாற்காலியில் அமுக்கினாள். நான் ஜமுக்காளத்தில், பழத்தட்டுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார்கள். அலங்காரத்தில் இருந்த அக்கா மகள் மணையிலிருந்தே சாய்ந்து, எத்தனை சாமான் இறங்கியிருக்கிறது என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரி வந்தது. ஓட விட்டேன். லாகின் பக்கம் பளிச்சென்று திறந்தது. அனுப்பிவிட்டு, அண்ணன் போனிலிருந்தே மேனேஜரைக் கூப்பிட்டேன். வந்துவிட்டது, ஓடுகிறது, ரொம்ப நல்லதும்மா என்றார்.

"முடிஞ்சிருச்சா?" என்றது பெரியம்மா.

முடிந்துவிட்டது என்று தலையாட்டினேன். பெரியம்மா குலவை போட்டது. பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து போட்டார்கள், நாத்தனாரும்தான். மேளம் வேறு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ப்ராஜெக்டுக்குக் குலவை வாங்கியவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேனேஜர் அந்தப் பக்கம் பயந்துபோய் என்ன சத்தம் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாங்க என்றார்.

பந்தியில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கைதட்டினவர்கள் தட்டிவிட்டுப் போகட்டுமே, நான் ஏதாவது சமாளித்திருப்பேன், உன்னை யார் மைக்கைப் பிடிக்கச் சொன்னது என்று திட்டினேன்.

அவள் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "லேப்டாப்பு வரலன்னு இவங்க நாலு நாளைக்குப் பேசுவாங்க, பேசிட்டுப் போறாங்க. நீ வேலை இல்லாம இருந்தப்ப, எப்பக் கூப்புட்டாலும் நல்லாத்தானே இருக்கேன், நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லுவ பாரு. அந்தக் கொரல இன்னொரு தடவ என்னால கேக்க முடியாதுடி."

நன்றாக நடித்துவிட்டதாகத்தான் மூன்று வருடமும் நினைத்திருந்தேன். இலையில் கையை வைத்தபடி அழுதேன். பாயசம் கொண்டுவந்தவர் ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். ஊற்றுங்கள், இவள் ரெண்டு தடவை சாப்பிடுவாள் என்றாள் அக்கா.