எட்டுக் கால்களும் ஒரு பித்தளைக் குழாயும்

மாட்டுங்காவில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு செம்பருத்தித் தொட்டி இருந்தது. அதில் ஏறி இறங்கும் கறுப்பு எறும்புகளில் ஒன்று எறும்பே அல்ல, எறும்பு வேஷம் போட்ட சிலந்தி என்று அத்தை ஒரு நாள் அறிவித்தாள். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு, மிச்சம் ஆறு காலால் நடந்து ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தது அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை சொன்னதை உடனே நம்பினேன். கல்லூரியில் அவளுடைய பேராசிரியர் நம்பவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர், அதாவது பேராசிரியர் பேசும்போது தவளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உத்தியோகம். கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி இடத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தாள். எட்டுக் காலையும் எண்ணிப் பார்க்கும்படி ஒரு புகைப்படம் வைத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார் பேராசிரியர். கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

துறையில் ஒரு பழைய ஜெர்மன் கேமரா உண்டு. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கிற வகை. மூன்று படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைத் தந்தார்கள். ஆனால் மூன்றடிக்குக் கிட்டே போனால் அதற்குக் கண் மங்கிவிடும். மூன்றடியிலிருந்து எடுத்தால் எங்கள் சிலந்தி, நெகடிவில் விழுந்த தூசி.

கோட்டைப் பக்கம் இருந்த கேமரா கடையில் மூன்று வழி சொன்னார்கள். லென்ஸின் முன்னால் திருகுகிற பூதக்கண்ணாடி. விலை குறைவு, ஆனால் படத்தின் ஓரமெல்லாம் கலங்கி வழிந்தோடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற துருத்தி; இறக்குமதி லைசென்ஸில் வருகிற சீமைச் சரக்கு, விலை கேட்டாலே மூச்சு வாங்கும். மூன்றாவது, அதே இடத்தில் மாட்டுகிற குழாய். நடுத்தர விலை, அதாவது அத்தையின் இரண்டு மாதச் சம்பளம்.

அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் தலைமை குமாஸ்தா. குழாய்க்கு அவரிடம்தான் பணம் கேட்டாள் அத்தை.

"மூணு கொட்டேஷன் வாங்கிடு. பார்க்கலாம்" என்றார்.

அத்தை மூன்று பொருளுக்கும் விலை எழுதி வாங்கி வந்தாள். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்றும் வெவ்வேறு சரக்கு, ஒப்பிட முடியாது, ஒரே சரக்குக்கு மூன்று கடையில் வாங்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தார். அலைந்து வாங்கி வந்தாள். ஒன்றில் தேதி இல்லை. அதைத் திருத்தி வருவதற்குள் இன்னொன்றின் கெடு முடிந்துவிட்டது. நானும் பின்னாளில் முப்பது வருஷம் கொள்முதல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள். அப்பா எழுப்பிய ஆட்சேபணைகளில் ஒன்றுகூட விதிக்குப் புறம்பானதில்லை என்று சான்றளிக்கிறேன். மூன்று வாரம் போயிற்று.

ஒரு நாள் அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்: "அவ கல்கத்தா போக வேண்டாம்னு வாயைத் தொறந்து சொல்லிடுங்கோளேன். நடுவுல அந்தக் கடைக்காரன் என்ன பாவம் பண்ணினான்?"

அம்மாவுக்குக் கடைக்காரர்கள் மேல் இத்தனை இரக்கமா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

மறுநாள் அம்மாவே வழி சொன்னாள். எங்கள் பம்ப் ஸ்டவ்வுக்கு மரை தேய்ந்தபோது புதிதாக மரை போட்டுக் கொடுத்த லேத் பட்டறைக்காரர் தாராவியில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து பாய். அத்தை கேமராவை மடியில் கட்டாத குறையாக அணைத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனாள். கடைக்காரன் காட்டிய குழாயைத் தாளில் வரைந்து வைத்திருந்தாள்.

பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள கண்ணாடி கிண்ணாடி எதும் உண்டா, டீச்சரம்மா?"

"ஒண்ணும் கிடையாது பாய். லென்ஸைத் தள்ளி வைக்கணும், அவ்வளவுதான். எவ்வளவு தள்ளுறோமோ அவ்வளவு பெரிசாத் தெரியும்."

"அப்ப வெறும் வெத்துக் குழாய்லா! காத்துக்கா இம்புட்டு வெல சொல்லுதான்?" என்று சிரித்தார். "எதப் போட்டோ எடுக்கப் போறிய?"

"சிலந்தி. எட்டுக் கால் இருக்குன்னு நிரூபிக்கணும்."

"எங்க ஊர்ல அதுக்குப் பேரே எட்டுக்காலி. பேர்லயே எண்ணி வச்சிருக்கு. இதுக்குப் போய்ப் படமா? ஒங்க வாத்தியார எங்க ஊருக்கு அனுப்பி வைங்க."

கேமராவை விட்டுப் போகச் சொன்னார். அத்தை மாட்டேன் என்றாள். ஆகவே அவள் எதிரே நிற்க நிற்க, மூன்று விரல் அகலத்துக்குப் பித்தளைக் குழாய் அறுத்து, இரு முனையிலும் மரை வெட்டி, லென்ஸைத் திருகிப் பார்த்துக் கொடுத்தார். தங்கம் மாதிரி மின்னியது.

அந்த மின்னல்தான் வினை. முதல் பிலிம் சுருளில் எல்லாப் படத்திலும் நடுவில் பால் கொட்டினாற்போல் ஒரு வெள்ளை. குழாயின் உட்சுவர் வெளிச்சத்தை எதிரொளித்திருக்கிறது. கழுவி வருவதற்கே நாலு நாள் போயிருந்தது. அத்தை அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ என் பள்ளியில் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்டில் ஒரு கரண்டி வாங்கி வரச் சொன்னாள். பியூனிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். குழாயின் உள்ளே பூசி உலர்த்தினாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. கீழே கரும்புச்சாறுக் கடையில் வாங்கிய ஐஸ் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் சிலந்தியை விட்டோம். குளிரில் நடை மந்தமாயிற்று. கேமராவைப் பலகையில் வைத்து, அடியில் முகப்பவுடர் தூவி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். லென்ஸைத் திருகிப் பயனில்லை, கேமராவே முன்னும் பின்னும் போக வேண்டும். குழாய் மாட்டினால் உள்ளே இருட்டு வேறு. அதற்காக நான் அப்பாவின் சவரக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்துச் சிலந்தி மேல் விட்டுக்கொண்டிருந்தேன்.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்பா வந்தார்.

"என் கண்ணாடி எங்கே?" அப்புறம் குழாயைப் பார்த்தார். "இது எந்தக் கொட்டேஷன்?"

"நாலாவது, அண்ணா" என்றாள் அத்தை, கண்ணை எடுக்காமல். "வெளிச்சம் ஆடறது. இன்னும் ரெண்டு படம்தான் பாக்கி."

அப்பா கிட்டே வந்தார். பிறகு கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கினார். உள்ளே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தரையில் மண்டியிட்டு, முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, வெயிலைச் சிலந்தியின் மேல் நிறுத்தினார். ஒளி இம்மியும் அசையவில்லை.

"கால் எல்லாம் தெரியறதா?"

"ஆறு... ஏழு... இன்னும் துளி இடது பக்கம், அண்ணா."

அப்பா துளி இடது பக்கம் திருப்பினார். இரண்டு முறை சொடுக்குச் சத்தம் கேட்டது.

இரண்டாவது படத்தில் எட்டும் விழுந்திருந்தன. பேராசிரியர் கையெழுத்திட்டார். கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் விண்ணப்பம் போயிற்று; மழைக்காலம் முடிவதற்குள் அத்தையும் கல்கத்தா போனாள்.

எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மனத்தாங்கல். இத்தனை நாளாகக் கூடவே அலைந்தவளிடமிருந்து, முக்கியமான நேரத்தில் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். என் கை ஆடியதுதான் காரணம் என்று சமாதானம் செய்துகொண்டேன். படம் எடுத்து முடித்து அத்தை துள்ளிக் குதித்து உள்ளே ஓடிய பிறகும், அப்பா ஏன் முகத்தில் சோப்பு காய்ந்து வெடிக்கிற வரைக்கும் அந்த வெயிலில் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தார் என்பதுதான் விளங்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று அம்மாவைக் கூப்பிடப் போனேன்.