தாணம்மாளின் மூக்கு

தூக்குவாளியின் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. தாணம்மாள் குனிந்து ஒருமுறை மூச்சை இழுப்பாள். "சாளை மீனு, பொரிச்சது. அடித்தட்டுல மாங்கா ஊறுகாயும் உண்டு. வெளிய எடு மக்கா."

உப்புப் பண்டம் உள்ளே போய்விடாமல் சிறுநீரக வார்டின் வாசலில் தினமும் மத்தியானம் நடக்கிற சோதனை இது. தேங்காப்பட்டணத்து ஜொஹரா பேகம் தன் புருஷனுக்காக ஒருநாள் நெத்திலிக் கருவாட்டைப் பவுடர் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தாள். தாணம்மாள் டப்பாவைத் தொடக்கூட இல்லை. "இப்ப பவுடருக்கு நெத்திலி மணமா போடுகான்?"

பிடிபட்டதை வீசிவிட மாட்டாள். கொண்டுவந்தவரையே வராந்தாவில் உட்காரவைத்துத் தின்னச் சொல்வாள். மீன் நல்ல மீனாக இருந்தால் ஒரு துண்டு அவள் வாய்க்கும் போகும். அவளுக்கே உப்பு கூடுதல் வேண்டும். பலாச்சுளையைக்கூட உப்புத் தொட்டுத் தின்கிறவள்.

வெள்ளைக்கார மிஷனரிமார் ஏழைகளுக்கென்று தொடங்கிய ஆஸ்பத்திரி. ரத்தச் சுத்திகரிப்புக்கு இன்றும் வெளியில் கேட்பதில் பாதிகூட வாங்குவதில்லை. அதனால் கடியப்பட்டணத்து மீன்காரரும் பூதப்பாண்டி வயல்காரரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிறார்கள். நான் இங்கே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கை சும்மா இருக்காததால் இன்னும் வந்துபோகிறேன். தாணம்மாள் வார்டு ஆயா. டாக்டர் சொல்லும்போது பின்னால் நின்று தலையாட்டுவாள். அவர் நகர்ந்ததும் அதையே இரட்டிப்புப் பயத்தோடு நோயாளியிடம் சொல்வாள். "உப்பு தின்னா தாகிக்கும். தண்ணி குடிச்சா நெஞ்சில கெட்டும். பொறவு மூச்சு முட்டிச் சாவணும். எப்படி, நல்லாருக்கா?"

போன மாதம் அவள் புருஷன் பொன்னுலிங்கமே கால் வீங்கி, மூச்சு முட்டி இங்கே வந்து சேர்ந்தார். ஊரார் பாத்திரத்தையெல்லாம் முகர்ந்தவள், தான் தினமும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டு அடுப்பில் அவர் கருவாடு சுட்டதைக் கண்டுபிடிக்கவில்லை. வார்டுக்கே கொண்டாட்டம்.

ஆனால் பொன்னுலிங்கம் உப்பில்லாக் கஞ்சியைத் தொட மறுத்துவிட்டார். "இத வச்சு போஸ்டர் ஒட்டலாம். மனுசன் குடிப்பானா?" ஆள் வற்றிக்கொண்டே வந்தார். ஒரு காலையில் டாக்டர் தீர்மானமாகச் சொன்னார்: மத்தியானமும் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான். குழாய் போடும்போது திமிறுகிறவர்களின் கையை அழுத்திப் பிடிப்பது தாணம்மாளின் வேலை. அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். ஜொஹரா ஒரு பொட்டலத்தைத் திறந்துகொண்டே மெல்ல அருகில் வந்தாள். "எக்கா, ஒரு சின்னத் துண்டு நெத்திலி இருக்கு. தரட்டா? நாங்க யாரும் பாக்கல்ல." உடனே வார்டு முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

தாணம்மாள் அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு, "மூடி வை மக்கா" என்றாள்.

பொன்னுலிங்கத்துக்குக் கோபம். "ஏட்டி, நீ உப்பும் புளியும் தின்னுட்டு வந்து எனக்கு இத ஊட்டுகியா? நீ ஒரு வாய் குடி. பொறவு நான் ஒரு வாய் குடிக்கேன். நீ நிறுத்தினா நானும் நிறுத்துவேன்."

"இவ்வளவுதானா? இத நேத்தே சொல்லப்படாதா?"

ஒரே கரண்டி கூடாது என்று நான் இன்னொரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். தாணம்மாள் முதல் வாயைக் கோயில் பாயசம் போல உறிஞ்சினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. வாயைத் திறந்தார். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. "நல்லாத்தான இருக்கு?" என்று நடுவில் அவரிடமே கேட்கவும் செய்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற எனக்கு மட்டும் கீழே தெரிந்தது: ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அவள் கால்விரல்கள் பத்தும் சுருண்டு சிமெண்டுத் தரையை இறுக்கிப் பிடித்தன.