வரிசையில் நின்ற முட்டைகள்

செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடம் புழு வளர்த்தேன். மண்ணில் வாழும் உருளைப்புழு; ஒரு மில்லிமீட்டர்தான் நீளம். உடம்பு கண்ணாடி மாதிரி. உயிரோடு இருக்கும்போதே முட்டை எங்கே நிற்கிறது, விந்தணு எந்தப் பக்கம் போகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். பார்த்து எழுதி வைப்பதுதான் என் வேலை.

தாராவியில் இருந்த என் மாமியாருக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாங்கள் குடியிருந்த திலக் நகரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனால் சொல்வார்:

"நாள் முச்சூடும் புழுவத் தொட்டுக்கிட்டு இருந்தா வயித்துல எப்படிளா தங்கும்?"

என் கணவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், தான் டெஸ்ட் கொடுக்க அவருக்கு ஒன்றரை வருடம் ஆனது. கொடுத்தார். ரிப்போர்ட்டைத் தானே வாங்கி வருவதாகச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றார். எல்லோரும் போயிருந்தார்கள்.

"உன் புழுவக் கொஞ்சம் காட்டு."

அத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விந்தணுவுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய புழு ஒன்றை வைத்துக் காட்டினேன்.

"வாலே இல்லையே. எப்படிப் போவுது?"

"இதுக்கு வால் கிடையாது, ஊர்ந்துதான் போகும். முட்டைப் பக்கமிருந்து வாசனை மாதிரி ஒண்ணு வரும். அதப் பிடிச்சிக்கிட்டே போகும்."

"இது வந்துட்டுன்னு முட்டைக்கு எப்படித் தெரியும்?"

"விந்தணுவும் ஒரு புரதத்த வெளிய விடும். தொடக்கூட வேண்டாம். அது வந்து பட்டதும் முட்டை முதிர ஆரம்பிச்சிரும்."

"வரவே இல்லைன்னா?"

ஆண் புழுவோடு சேராத பெண் புழு இன்னொரு தட்டில் இருந்தது. அதையும் ஆசையாக எடுத்து வைத்தேன். "பாருங்க, முட்டையெல்லாம் வரிசையா அப்படியே நிக்குது. தகவல் வராம முதிராது. நாள் ஆக ஆகக் கெட்டுப் போயிரும்."

வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நேத்தே வந்துட்டு."

ரிப்போர்ட்டில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று இருந்தது. நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் அதற்குள் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தார்.

மறுபடியும் டெஸ்ட் எடுத்தோம். சின்ன ஆபரேஷன் செய்து உள்ளேயும் தேடினார்கள், கிடைக்கவில்லை. வேறொருவருடைய விந்தணுவை வைத்துச் செய்யலாம் என்றார் டாக்டர். என் கணவர் வேண்டாம் என்றார். தத்தெடுப்பதும் வேண்டாம் என்றார். பஸ் ஸ்டாப்பில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஏட்டி, உனக்கு வேணும்னா நீ போயிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அம்மைக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

நான் போகவில்லை. அது அன்பா, போக இடமில்லாததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மாமியாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த முட்டைகளை எண்ணி எழுத முடியவில்லை. கேட்டு வாங்கி ஸ்டோர் பிரிவுக்கு மாறிக்கொண்டேன்.

மாமியார் போன வருடம் இறந்தார். கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் சோறு ஊட்டப் போனபோது வாயை மூடிக்கொண்டு, "கையக் கழுவுனியாளா?" என்று கேட்டார். நான் புழுவைத் தொடுவதை விட்டு வெகு நாளாகியிருந்தது. என் கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நான் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து ஊட்டினேன்.