நூறு எண்ணினால்தான் சொல்வார்

"உங்க கைக்குள்ள ஒரு சுண்டெலி இருக்கு. அது எப்படி உள்ள வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்?"

இப்படிக் கேட்டுக்கொண்டே அந்த அக்கா, விறைப்பு இளகுவதற்காக, நோயாளியின் கையை இளஞ்சூட்டில் உருகிய மெழுகில் முக்கி எடுப்பார். அந்தக் கேள்விக்கு, முதலில் கேட்ட அன்று ஆஸ்பத்திரிக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிற கைக்கும் தெரியவில்லை. பதில் வேண்டுமானால் ஒரே வழிதான். மெழுகை உரித்தபின் கையை இருபது முறை மடக்கி நீட்ட வேண்டும். இருபது முடிந்ததும் பூட்டைத் திறப்பதுபோலச் சொல்வார்: "மஸில்னு சொல்றோம்ல? லத்தீன்ல அதுக்குக் குட்டி எலின்னு அர்த்தம். கைய மடக்குனா தோலுக்கடியில ஏதோ ஓடுது பாருங்க, அதப் பாத்துட்டு வெச்ச பேரு."

பதினெட்டில் நிறுத்தியவருக்கு எலி கிடையாது. நாளைக்கு வரலாம்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி கூடத்தில் உதவியாளர். மெழுகுத் தொட்டியைச் சூடாக்குவது, மணல் பைகளை எடை வாரியாக அடுக்குவது, தோள் உயர விரலால் படிப்படியாக ஏற்றுவதற்குச் சுவரில் பதித்த விரல் ஏணியைத் துடைப்பது, நடைக் கம்பிகளுக்கு நடுவில் தள்ளாடுகிறவர்களின் இடுப்பைப் பிடித்துக்கொள்வது, எல்லாம் அவர் வேலை. யாருக்கு எத்தனை முறை என்று சீட்டில் எழுதுவது பிசியோ மேடம். "எழுதுறது மேடம், எண்ணுறது நான். எமன்கிட்ட கூட பேரம் பேசலாம், என்கிட்ட பேசாதீங்க" என்பார். அவர் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. யாராவது பன்னிரண்டுக்குப் பிறகு பதினைந்து என்று தாவினால், "பதிமூணும் பதினாலும் எங்க, பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்டுப் பன்னிரண்டிலிருந்து தொடங்க வைப்பார்.

சொற்கள் அவரிடம் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. மெழுகுத் தொட்டியின் நான்கு கால்களில் ஒன்று குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு தடித்த புத்தகம் பல வருடங்களாகக் கிடந்தது. ஒரு நாள் தரையைக் கழுவும்போது அதை எடுத்துவிட்டு ஒரு செங்கலை வைத்தார். பெரிய ஆங்கில அகராதி ஒன்றின் பல பாகங்களில் ஒரே ஒரு பாகம் அது. எம் என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் மட்டும். அட்டை முழுக்க மெழுகுத் துளிகள். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கத்தியால் மெழுகைச் சுரண்டினார். பள்ளியில் படித்த ஆங்கிலத்தையும் ஒரு சின்ன ஆங்கிலம்-தமிழ் அகராதியையும் துணைக்கு வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் தொடங்கினார். ஒரு பக்கம் முடிக்க முதலில் ஒரு வாரம் ஆயிற்று.

ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அது பிறந்த கதை இருந்தது. பல சொற்களுக்குப் பக்கத்தில் எல் என்று ஓர் எழுத்து நின்றது. "யாரோ எல்-னு ஒரு பெரிய மனுஷன் போலிருக்கு, இத்தன வார்த்தை கொண்டாந்து குடுத்திருக்காரேன்னு ரெண்டு மாசம் அவர் மேல எனக்கு ஒரே மரியாத. அப்புறம் மருந்து குடுக்கிற தம்பி சொன்னாரு, அது ஆள் இல்லக்கா, லத்தீன்னு. வெக்கமாப் போச்சு." இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

ஏ எழுத்தில் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், "ஏ நமக்கு அடுத்த தெரு. மத்த எழுத்தெல்லாம் எந்தத் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துட்டு நிக்குதோ, யாரு கண்டா?" என்பார். அதனால்தான் எல்லோருக்கும் அவர் எம்மக்கா.

ஆளைப் பார்த்துத்தான் சொல்லை எடுப்பார். கழுத்து வலியோடு தலைவலியும் சேர்ந்து வந்த தபால்காரருக்கு மைக்ரேன். "அரை மண்டைன்னு கிரேக்கத்துல சொல்லியிருக்கான். நாம ஒத்தத் தலைவலின்னு சொல்றோம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல, வலி ஒண்ணுதான்." குளியலறையில் விழுந்து மூன்று மணி நேரம் யாரையும் கூப்பிடாமல் கிடந்த ஒரு பெரியம்மாவுக்கு மேடே. கப்பலும் விமானமும் ஆபத்தில் வானொலியில் மூன்று முறை சொல்லும் சொல். எனக்கு உதவி செய்யுங்கள் என்ற பிரெஞ்சுப் பேச்சிலிருந்து வந்தது. "அவ்ளோ பெரிய கப்பலே வெக்கப்படாம கூப்பிடுது பெரியம்மா. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். பெரியம்மா இன்னும் ஐந்து முறை முழங்காலை நீட்டினார்.

அக்காவின் இந்த உத்தி யாரிடமும் தோற்றதில்லை, முடிதிருத்துபவர் வரும்வரை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்தக் கடை. கடைத் தரையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தார். எலும்புக்குத் தகடு வைத்து, ஏழு வாரம் கட்டுப் போட்டு, பிரித்தபோது விரல்கள் விறைத்திருந்தன. முக்கியமாக மோதிரவிரல் மடங்கவில்லை. மற்றவர்களுக்கு அது மோதிரம் போடுகிற விரல். முடிதிருத்துபவருக்குக் கத்தரிக்கோலின் ஒரு வளையம் பெருவிரலிலும் மறு வளையம் மோதிரவிரலிலும்தான் மாட்டும். பெரிய டாக்டர் நாள் குறித்துவிட்டார். பதினாறு நாளில் மோதிரவிரல் உள்ளங்கையைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கையை மறுபடி அறுத்துத் திறக்க வேண்டும். திறந்தாலும் பழைய கை வரும் என்று உறுதி இல்லை.

அதைக் கேட்ட நாளிலிருந்து மனிதர் விட்டுவிட்டார். மனைவி தள்ளிவிடுவதால் கூடத்துக்கு வருவார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மஞ்சள் ரப்பர் பந்தைக் கையில் வைத்தால் அது உருண்டு தரையில் விழும். "இது கையில்லம்மா, கரண்டி" என்பார்.

எம்மக்கா அவருக்காக நல்ல சொல்லாகத் தேடி எடுத்து வைத்திருந்தார். "அண்ணே, மீசைக்கு இங்கிலீஷ்ல மஸ்டாஷ். அது எங்கேருந்து வந்துச்சு?"

"இருபத்தெட்டு வருஷமா மீசை ஒதுக்குறேன். எனக்கே மீசைப் பாடமா?"

"ஒதுக்கத் தெரியும். பொறந்த ஊர் தெரியுமா? முப்பது தடவ பந்த அமுக்குங்க, சொல்றேன்."

அவர் பன்னிரண்டு அமுக்கினார். எழுந்து போய்விட்டார். மறுநாள் வாசலிலேயே நின்று சத்தமாகச் சொன்னார்: "கிரேக்கம். மேலுதடு. முடிஞ்சுதா?"

அவரை வண்டியில் கூட்டிவரும் மைத்துனர், கேபிள் டிவி இணைப்புக் கொடுப்பவர், பின்னால் போனை ஆட்டிக் காட்டினார். "ரெண்டே செகண்ட்கா. அத்தான் கேட்டாரு, தட்டுனேன், வந்துடுச்சு."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எம்மக்காவும் சிரித்தார். ஆனால் அன்று முடிதிருத்துபவர் ஒரு முறைகூடப் பந்தை அமுக்கவில்லை. அவருக்கு இனி அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்து மம்ப்சிமஸ் என்ற அரிய சொல்லைக் கொடுத்துப் பார்த்தார் அக்கா. அதையும் மைத்துனரின் போன் விழுங்கிவிட்டது. "அதாவது," என்றார் முடிதிருத்துபவர், இரண்டு மாதத்தில் முதன்முறையாகக் குஷியோடு, "ஒரு பூசாரி மந்திரத்துல ஒரு சொல்ல தப்பாவே சொல்லிட்டு இருந்தானாம். திருத்துனதுக்கு, இத்தன வருஷம் சொன்னத மாத்த மாட்டேன்னுட்டானாம். அதனால, தப்புன்னு தெரிஞ்சும் புடிச்ச புடிய விடாத ஆளுக்கு அந்தப் பேரு. யாரையோ பாத்து எழுதுன மாதிரியே இருக்கும்மா." அவர் கண் நேராக அக்காவின் மேல் இருந்தது.

"என்னத்தான் எழுதியிருக்கான், ஒத்துக்கிறேன். பந்த எடுங்க."

"அதான் கதை தெரிஞ்சுபோச்சே, எதுக்குப் பந்து?"

மேடம் அக்காவைத் தனியாக அழைத்தார். "கதவத் திறந்து வைக்கலாம், தூக்கிட்டு வந்து உள்ள போட முடியாது. அவருக்கே வேணாம்னா விட்டுடுங்க."

"அவருக்கு வேணும் மேடம். ஆசைப்பட்டு நடக்காமப் போயிடுமோன்னு பயம்."

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், போர்வைகள் அடுக்கிய பின்னறையில், டப்பாவைத் திறக்காமல் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லாக விரலை ஓட்டினார். போனுக்குத் தெரியாத ஒன்று எம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். மணி அடித்துக் கூடத்துக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்தார்.

சாயங்காலம் வண்டியை எடுக்க வந்த மைத்துனரின் கையில் அக்கா ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். "மலார்க்கி. வெட்டிப் பேச்சு, வாயால பந்தல் போடுறதுன்னு அர்த்தம். எங்க பொறந்துச்சுன்னு தட்டிப் பாத்து உங்க அத்தான்கிட்ட சொல்லுங்க."

அதற்குப் பிறகு இரண்டு நாள் முடிதிருத்துபவர் வரவில்லை. மூன்றாம் நாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"என்னம்மா வார்த்தை இது? என் மச்சான் ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம போன தட்டுறான். ஒரு எடத்துல அது மாதிரி ஒரு குடும்பப் பேருலேருந்து வந்துச்சுங்குது, இன்னொரு எடத்துல அதெல்லாம் சும்மாங்குது."

"அப்படியா?"

"உன் புத்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"என்னன்னு?"

"போட்டிருக்கிறத அப்படியே படிக்கிறேன், ஒரு எழுத்து கூட்டாம குறைக்காம. நூறு அமுக்குங்க."

"நூறா! மீசைக்கே முப்பதுதானே கேட்ட?"

"மீசை மச்சான் போன்லயே கெடச்சுது. இது கெடைக்கல. கெடைக்காத சரக்குக்கு வெல ஜாஸ்தி."

அவர் உட்கார்ந்தார். மெழுகு முக்கி, உரித்து, துடைத்த கையில் அக்கா பந்தை வைத்தார். பந்து உருளாமல் தன் இரண்டு கைகளாலும் அவர் விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு. இருபதில் வலிக்கிறது என்றார். "வலிக்கட்டும், அது உசுரோட இருக்கிறதுக்கு அடையாளம். இருபத்தொண்ணு." முப்பத்தைந்தில் மைத்துனரைத் திட்டினார். நாற்பதில் போனைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். ஐம்பதில், "கப்பல்காரன் வார்த்தையா இருக்குமோ?" என்று தானே யோசிக்க ஆரம்பித்தார்.

"அம்பத்தொண்ணு."

"இல்ல, யாராவது பொய்க்காரனோட பேரா இருக்கும். எங்க தெருவுல ஒருத்தன் இருந்தான், அவன் வாயத் தெறந்தா..."

அந்தப் பொய்க்காரனின் கதையைச் சொல்லிக்கொண்டே அமுக்கினார். அறுபத்திரண்டில் அக்கா தன் இடது கையை எடுத்தார். எழுபதில் வலது கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு சுவாரசியத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. கூடத்தில் மற்றவர்கள் கவனித்தார்கள். விரல் ஏணியில் கை வைத்திருந்த தபால்காரர் எண்ணிக்கையை மறந்து நின்றார். மேடம் சீட்டு எழுதுவதை நிறுத்தினார். அக்காவின் குரல் மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் எண்ணிக்கொண்டே போனது.

"தொண்ணூத்தொம்பது. நூறு."

அவர் நெற்றியில் வியர்வை. "ம், படி."

எம்மக்கா புத்தகத்தை எடுத்தார். மடித்த ஓரத்தை நீவிவிட்டார். சொல்லின் மேல் விரலை வைத்து, அர்த்தத்தைப் படித்து, அதற்குக் கீழே இருந்த ஒரே வரியைத் தமிழில் சொன்னார்:

"மூலம் தெரியவில்லை."

"என்ன தெரியல?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியலையாம் அண்ணே. அதத்தான் போட்டிருக்கு. சத்தியமா, பாருங்க."

"இதுக்கா? இதுக்கா என்ன நூறு..."

ஆத்திரத்தில் கையில் இருந்த பந்தை அக்காவை நோக்கி வீசி எறிந்தார்.

அது அக்காவின் தோளைத் தாண்டிப் போய், எதிர்ச் சுவரில் மோதி, நடைக் கம்பிகளுக்கு அடியில் உருண்டது. அவர் தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மோதிரவிரலை மெதுவாக மடக்கினார். தொடவில்லை. ஒரு நெல்மணி அளவு இடைவெளி இருந்தது.

அக்கா கைதட்டவில்லை. எழுந்து போய்க் கம்பிகளுக்கு அடியில் குனிந்து பந்தை எடுத்தார். தன் சேலைத் தலைப்பில் துடைத்தார். திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த உள்ளங்கையில் பந்தை வைத்தார். இந்த முறை தன் கைகளை அருகில் கொண்டு போகவே இல்லை.

"நூத்தியொண்ணு" என்றார்.

கையையோ காலையோ மடியில் போட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மலார்க்கி எங்கே பிறந்தது என்பதை மட்டும், அவர் நூறு எண்ணிய பிறகு சொல்லுங்கள்.