ஒன்றரை அடி பிசகிய கோடு

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நிலம் அளக்கும் சங்கிலி இழுத்துச் சர்வே கற்றேன். நாற்பது வயதில் கம்ப்யூட்டர் கற்றேன். இன்று சூலூரில் என் டிராஃப்டிங் ஆபீசில் பதினோரு பேர், அதில் ஏழு பேர் பி.இ. சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. ஆனால் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டருக்காக நாங்கள் வரைந்து கொடுத்த ஒரு ரோட்டை நினைத்தால் இன்றும் கோபம் தலைக்கேறுகிறது.

அன்று போன் செய்தது மாராத்தாள். அந்த ரோட்டோரம் உள்ள ஆறு வீடுகளில் கடைசி வீடு அவருடையது. முதல் டிசைனில் ரோடு வாசப்படிகளைவிட உயரமாக வந்தது. மலையிலிருந்து வரும் மழைத்தண்ணீர் நேராக வீட்டுக்குள் போகும். அவர் கலெக்டர் ஆபீஸ் வரை நடந்து, ரோட்டை ஒன்றரை அடி இறக்கி டிசைனை மாற்ற வைத்தவர்.

"ஏனுங்க, எறக்கறோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. இப்ப அடிச்ச முளை பழைய ஒசரத்துலயே நிக்குதுங்களே! கண்ண மூடிட்டு அடிச்சாங்களா?"

"என் ஆபீஸ் கோடு தப்பாதுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், ரோட்டின் உயரம் காட்ட அடிக்கும் முளை பழைய உயரத்தில்தான் இருந்தது. மூன்று வீட்டுக்கு முன்னால் ஜல்லியும் கொட்டியாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு நாள் நெருங்கியிருந்தது. கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஒன்றரை அடிதானுங்கண்ணா. ஊட்டுக்குள்ள எறங்க ரெண்டு படி கட்டிக் குடுத்துப்போடலாம். முளை சரிதான்னு நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுங்க."

"உங்கூட்டு முன்னால இப்படிப் போடுவியா தம்பி?"

"நான் இருக்கறது மூணாவது மாடிங்க" என்று இளித்தான்.

அவன் சட்டையைப் பிடிக்காமல் இருந்ததே பெரிது. அதே கோபத்தோடு ஆபீசுக்கு, பதினாறு வருடமாக என்னிடம் வரையும் சுமதிக்கு, போன் போட்டேன்.

கோடு என்று நான் சொல்வது இதுதான். ரோட்டை மேலிருந்து பார்த்த போக்கு அலைன்மென்ட். அதன் ஏற்ற இறக்கம் புரொஃபைல். சாஃப்ட்வேரில் இரண்டையும் சேர்த்து ஃபீச்சர் லைன் எடுப்போம். அந்த முப்பரிமாணக் கோட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் முளை அடிப்பார்கள். எடுக்கும்போது 'டைனமிக் லிங்க்' என்று ஒரு டிக் உண்டு. டிக் இருந்தால் புரொஃபைல் இறங்கும்போது கோடும் இறங்கும். இல்லாவிட்டால், எடுத்த அன்றைய உயரத்திலேயே செத்துக் கிடக்கும். நாங்கள் புரொஃபைலை இறக்கியிருந்தோம். கோடு இறங்கவில்லை.

"டிக்கை எதுக்கு எடுத்தே?" என்று கத்தினேன்.

"ஃபைல் ஸ்லோவா இருக்குது, எடுத்துப்போடுன்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க. அப்புறம் டிசைன் மாறுனா கோடு மாறாதுன்னேன். எனக்கே பாடம் எடுக்கறயான்னு கேட்டீங்க."

கேட்டேன்தான். ஆபீசே பார்க்கக் கேட்டேன்.

சைட் இன்ஜினியர் பேனாவோடு காத்திருந்தான். வாங்கி எழுதினேன்: முளை தப்பு, தப்பு என் ஆபீசுடையது, ஜல்லியை அள்ள வேண்டும்.

"ஏனுங்கண்ணா, உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போடறீங்க!"

"என்ர தலை, என்ர மண்ணு. நீ ஜேசிபிய வரச் சொல்லு."

மாராத்தாள் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். என் வாய்ப்பேச்சை அவர் நம்பவில்லை. எதற்கு நம்ப வேண்டும்? ஜேசிபி வரும்வரை ஜல்லிக் குவியலை விட்டு நகரவும் இல்லை.

மறுநாள் புதுக் கோட்டின்படி முளை அடித்தோம். மழை வந்தது, தண்ணீர் ரோட்டு வாய்க்காலோடு போனது. அந்தக் கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. போகட்டும்.

அந்த இன்ஜினியர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என் மேல் அதைவிடத் தீரவில்லை. இன்று என் ஆபீசில், கடைசி புரொஃபைலோடு ஒப்பிட்டுச் சுமதி கையெழுத்துப் போடாமல் ஒரு கோடும் வெளியே போகாது. நானே சொன்னாலும் போகாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளே, முதலாளி கத்தினால் கத்தட்டும், உயரத்தைச் சரிபாருங்கள். போன வாரம்கூட ஒரு ஃபைலை அவள் நிறுத்தி வைத்தாள். நான் கத்தினேன். அவள் மெஷினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். ஃபைல் இன்னும் போகவில்லை.