நாளை வரவேற்புரை நான்தான்

கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து இப்போதுதான் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

மாதம் ஒரு தாள், அதுதான் மாணவர்கள் நாங்கள் நடத்தும் பத்திரிகை. இந்த மாதச் செய்தி, பெண்கள் விடுதித் தண்ணீரில் புழு. அதைக் குடித்த என் அறைத்தோழி இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

எப்போதும் நகல் எடுத்துத் தரும் கடைக்கார அண்ணன் இன்று தாளைத் தொடவே இல்லை.

"காலேஜ்லருந்து போன் வந்துச்சும்மா. உங்க பேப்பர மட்டும் போடக் கூடாதுன்னு சொல்ட்டாங்க."

"யாருண்ணா சொன்னது?"

"பேரெல்லாம் கேக்காத. அவங்க ஆர்டர்லதான் கட ஓடிக்கினு கீது. நான் இன்னா பண்றது?"

அவர்மேல் கோபமில்லை. அவருக்குப் பின்னால் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். எங்கள் கல்லூரி அழைப்பிதழ். நாளை கலையரங்கில் பத்திரிகைச் சுதந்திர விழா.

"உம் பேரு கூட கீது பாரு" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரவேற்புரை நான்தான். "பத்திரிகை நடத்துற பொண்ணு பேசுனாதாம்மா நல்லாருக்கும்" என்று போன வாரம் துறைத்தலைவரே கூப்பிட்டுச் சொன்னார்.

பேசுகிறேன் சார். அந்த ஒரு தாளை அப்படியே மைக்கில் வாசிக்கிறேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, இனி என் பெயரை எடுக்க முடியாது.

மேடையில் விருந்தினர்களுக்குத் தண்ணீர் வைப்பதும் வரவேற்பவர் வேலைதானாம். விடுதிக் குழாயிலேயே பிடித்து வைத்துவிடட்டுமா, என்ன சொல்கிறீர்கள்?