ஆயில் பிரேக்

கருகிய பிரேக் லைனிங்கின் நெடி தலைமுடியில் ஏறினால் இரண்டு நாள் போகாது. ஐம்பதுகளின் கடைசியில், திண்டிவனம் டிரங்க் ரோட்டு ஓரம் ஒரு ஷெட்டில் நான் ஃபிட்டர். டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் வண்டி வந்துவிட்டதை நிமிர்ந்து பார்க்காமலே சொல்வேன்… அப்படி ஒரு நெடி.

வண்டி, மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப். விழுப்புரத்து எண்ணெய் மில் முதலாளிக்குச் சொந்தம். முகையூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் இருந்து நிலக்கடலை மூட்டை (எங்களுக்கு மல்லாட்டை) இன்னும் அதிகமாக ஏற்றிவர வேண்டுமென்று, அடியில் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, பெரிய சக்கரம் மாட்டி, வண்டியை அரை முழம் உயர்த்தியிருந்தார்.

பிரேக் மட்டும் பழைய கம்பி பிரேக். வண்டி உயர்ந்ததில் கம்பிகளின் கோணம் மாறிப்போனது. மிதித்தால் நிற்காது, இடப்பக்கம் இழுக்கும்.

மூட்டைகளின் மேல், மல்லாட்டை பிடுங்கிய சேரிப் பெண்கள் உட்கார்ந்து வருவார்கள். மூட்டைக்குக் கயிறு உண்டு. அவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரேக்கை மாற்றச் சொல்லி முதலாளியிடம் அண்ணன் ஆறு மாதம் கெஞ்சினார். ஒருநாள் வண்டி இழுத்ததில் ஐந்து மூட்டை ஏரித் தண்ணீரில் விழுந்தது. மறுநாளே சம்மதம் வந்துவிட்டது. ஐந்து பெண்கள் விழுந்திருந்தால் வந்திருக்குமா, தெரியாது.

உடைத்துப் போட்ட இன்னொரு மிலிட்டரி வண்டியில் இருந்து சாமான் கழற்றி, செம்புக் குழாய் வளைத்து, நான்கு சக்கரத்துக்கும் பூட்டினேன். கடைசியில் குழாயில் திரவம் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அண்ணன் மேலே பெடலை மிதிக்க, நான் அடியில் படுத்திருந்தேன்.

"மிதிண்ணே… இன்னும்… புடிச்சிக்கோ!"

"புடிச்சிக்கினுதான்யா இருக்கேன். காலே மரத்துப் போச்சு. இன்னாய்யா, வண்டிக்குப் பேதி மருந்தா குடுக்கிறே?"

அந்தப் பக்கத்துக் கொல்லையில் வேலை முடிந்து, இந்த வண்டியில் விழுப்புரம் திரும்பக் காத்திருந்த பெண்கள் புளியமர நிழலில் சிரித்தார்கள். அவர்களில் அஞ்சலைக்குத்தான் வாய் அதிகம்.

"யோவ் டிரைவரு, கால எடுத்துடாதே. எங்க உசுரெல்லாம் உன் கட்டவெரல்லதான் இருக்குது!"

டிரங்க் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஒரே மிதி. நேராக நின்றது. அண்ணன் இறங்கி, ரோட்டில் விழுந்த டயர் தடத்தைக் குனிந்து பார்த்தார். "கோடு போட்டாப்ல நிக்குதுய்யா!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

எங்கள் ஷெட்டில் எல்லாருக்கும் அதன் பெயர் ஆயில் பிரேக். குழாய்களுக்குத் திரவம் தரும் டப்பியைக் காட்டி, நானும் அப்படியே சொன்னேன்: "டப்பியில ஆயிலு கொறைஞ்சா ஊத்திக்கினே வாண்ணே."

அது எண்ணெயே இல்லை, மெட்ராஸில் இருந்து தகர டின்னில் வரும் தனித் திரவம், வேறு எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊறிக் கெடும்… இதையெல்லாம் நான் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

நான் கொடுத்த டின் தீர்ந்ததும் அண்ணன் முதலாளியிடம் கேட்டிருக்கிறார். "ஆயிலுக்காடா மெட்ராசுக்கு ஆள் அனுப்புவாங்க? மில்லே ஆயில்லதானே மெதக்குது!" என்றாராம். மல்லாட்டை எண்ணெய். அண்ணன் அதை வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி ஊற்றியிருக்கிறார். அவ்வளவு அக்கறை.

இருபது நாள் போயிருக்கும். நடுப்பகல். ஏரிக்கரையில் இருந்து இறங்கும் வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது. உயர்த்திய வண்டி, உச்சிவரை மூட்டை… சாய்ந்தது. அஞ்சலையும் இன்னொரு பெண்ணும் மூட்டைகளுக்கு அடியில் செத்துக் கிடந்தார்கள்.

வண்டியைப் பிரித்துப் பார்க்க போலீஸ் என்னைக் கூப்பிட்டது. ஸ்டேஷன் வாசலில் அண்ணன் குந்தியிருந்தார். டப்பியில் என்ன ஊற்றினார், எப்படி ஊற்றினார் என்று அவரே சொன்னார். அதில் தப்பு இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"மிதிச்சேன் தம்பி. உள்ள போயிடுச்சு. எவனும் நம்ப மாட்டேங்கிறான். நீ பாத்து சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

பிரித்தேன். ரப்பர் ஊறிப் பருத்து, நசுக்கினால் நைந்தது. விரலெல்லாம் மல்லாட்டை எண்ணெய் வாசனை.

ஷெட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிரேக்கு போட்டது நீ. பிரேக்கு போச்சுன்னு எழுதுனா மொத பேஜாரு உனக்குத்தான். மில்லுக்காரர் பேரை எவனும் எழுத மாட்டான். யோசிச்சிக்கோ."

யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. 'பிரேக் நல்ல நிலையில் இருந்தது' என்று போலீஸ் எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை.

அண்ணனுக்கு இரண்டு வருஷம் ஜெயில். லைசென்ஸும் போனது. செத்த பெண்களின் வீடுகளுக்கு முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறு அறுவடைக்குப் புது லாரி வாங்கினார்.

அந்த நாள்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்று நண்பர்கள் கடிதம் எழுதுகிறார்கள். ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது, எனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. நினைத்துப் பார்க்க எனக்கு இதுதான் இருக்கிறது. இப்போது அந்த ரோட்டில் கம்பி பிரேக் வண்டியைப் பார்ப்பதே அபூர்வம். பெண்கள் மட்டும் இன்றைக்கும் மூட்டை மேல்தான் வருகிறார்கள்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். மண்டியில் மூட்டை தூக்குகிறார். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வற்புறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார்.

"கோர்ட்டுல மிதிச்சேன், மிதிச்சேன்னுதான் சொன்னேன் தம்பி. உள்ள போயி ரெண்டு வருசம் அதையே நெனச்சிக்கினு கெடந்தேன். நீயே பிரிச்சுப் பாத்து நல்லா இருந்துச்சுன்னு எழுதிட்டே. நீ பொய் சொல்ற ஆளா? அப்போ நான்தான் மிதிக்காம வுட்டிருக்கேன்… அந்தப் பொண்ணுங்கள நான்தான் கொன்னுட்டேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். திண்டிவனம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.